வாங்கும் விலையும் விழும் விலையும்

இளம் அறிவியல் (இயற்பியல்), இரண்டாம் ஆண்டு

ஆசை இரண்டு, பணம் ஒன்று. நாள்தோறும் வேலைக்குப் போய்வர ஒரு மோட்டார் சைக்கிள் வேண்டும். எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே வண்டியைப் பந்தயக் களத்துக்குக் கொண்டுபோய் ஓட்டிப் பார்க்கவும் வேண்டும். கையில் இருப்பதோ மூன்று லட்சத்து இருபதாயிரம் ரூபாய். இது என் அண்ணனின் கணக்கு. ஐந்து ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம்.

கல்லூரி மலரில் கவிதை எழுதலாம், கடல் கடந்த தமிழரைப் பற்றி எழுதலாம். மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுதுவார்களா, அதுவும் ஒரு மாணவி எழுதுவாளா என்று தோழியர் சிலர் நகைக்கலாம். ஆனால் நம் கல்லூரி வாசல் தேநீர்க் கடையில் ஒரு பொழுது நின்று கேட்டவர்களுக்குத் தெரியும், நம் மாணவ நண்பர்கள் தேர்வைப் பற்றிப் பேசும் நேரத்தைவிட வண்டியைப் பற்றிப் பேசும் நேரமே மிகுதி என்பது! அந்தப் பேச்சில் 'எத்தனை சி.சி.?' உண்டு, 'எவ்வளவு வேகம்?' உண்டு. ஒரு கேள்வி மட்டும் எழுவதே இல்லை. அந்தக் கேள்விக்காகவே இக்கட்டுரை.

அண்ணன் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவர். ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்தவள் நான் ஒருத்திதான். என் தேர்வுக் கட்டணமும் புத்தகமும் அவர் சம்பளத்திலிருந்து வருபவை. தனக்கென்று அவர் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் உடன் வேலை செய்பவர்களோடு இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்ப் பந்தயம் பார்த்துவிட்டு வந்தவர், அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை. 'என்னிக்காவது ஒரு நாள் அந்த ரோட்டுல ஓட்டணும் பாப்பா' என்றார். சென்ற விடுமுறையில் வங்கிப் புத்தகத்தை என் முன் வைத்து, 'நீதான் பிசிக்ஸ் படிக்கிறியே, கணக்குப் போட்டு எந்த வண்டின்னு சொல்லு' என்றார். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. படித்த பெண்ணின் படிப்புக்கு வீடு வைத்த முதல் தேர்வு அது என்றே எனக்குத் தோன்றியது.

சாலை வேறு, களம் வேறு

நம் மாநிலத்துக்கு மோட்டார் பந்தயம் புதிதல்ல. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்தன. அவற்றை நடத்திய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953ல் தோன்றியது. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் அது அமைத்த களம் 1990ல் திறக்கப்பட்டது. ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர்; 12 வளைவுகள். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் 2003ல் இன்னொரு களம் வந்தது. கரிவரதன் என்ற பந்தய வீரரின் நினைவாகக் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று அதற்குப் பெயரிட்டார்கள். அதன் சுற்று 2.1 கிலோமீட்டர். பந்தயம் இல்லாத நாட்களில் இக்களங்களில் பயிற்சிப் பள்ளிகள் வகுப்பு நடத்துகின்றன. கட்டணம் செலுத்திச் சாமானியரும் தம் வண்டியை ஓட்டலாம்.

களம் என்றால் ஆபத்து, சாலை என்றால் பாதுகாப்பு என்பது பலருடைய எண்ணம். எண்ணிப் பார்த்தால் நிலைமை அவ்வளவு எளிதன்று. களத்தில் எல்லா வண்டியும் ஒரே திசையில் ஓடும். எதிரே லாரி வராது. குறுக்கே மாடு வராது. விழுந்தாலும் சறுக்கிப் போக வெற்றிடம் உண்டு. கொடி காட்ட ஆள் உண்டு. ஆம்புலன்ஸ் காத்து நிற்கும். வாலாஜாபாத்திலிருந்து ஒரகடம் போகும் சாலையிலோ எம்சாண்ட் லாரி சிந்திய மணல் உண்டு. விளக்கில்லாமல் நிற்கும் டிரெய்லர் உண்டு. தவறான திசையில் வரும் ஸ்கூட்டர் உண்டு.

ஆகவே இரண்டும் வண்டியிடம் கேட்பவை வேறு வேறு. சாலை கேட்பது நிமிர்ந்து உட்காரும் வசதி, குறைந்த வேகத்தில் திணறாத எஞ்சின், நெரிசலில் கொதிக்காத தன்மை, பெட்ரோல் சிக்கனம், பக்கத்து ஊரிலேயே கிடைக்கும் உதிரி பாகம். களம் கேட்பது சாய்த்தால் தரையில் உரசாத கால்மிதி, சூடேறினாலும் தளராத பிரேக், பிடிப்புள்ள டயர், வளைவில் அசையாத சட்டம். இரண்டு கேள்விகளுக்கும் ஒரே வண்டி விடை சொல்ல வேண்டும். அதைத்தான் 'நடுத்தர எடை' வண்டியிடம் எதிர்பார்க்கிறார்கள். இது குத்துச்சண்டைக் களத்திலிருந்து வந்த சொல். வெளிநாடுகளில் 600, 700 சி.சி. வண்டிகளையும் இவ்வகையில் சேர்ப்பார்கள். நம் பணப்பைக்கு 300 முதல் 650 சி.சி. வரை என்று வைத்துக்கொள்வதே பொருத்தம்.

காகிதத்தில் ஒரு கணக்கு

நோட்டுப் புத்தகத்தில் நான்கு பெயர்களை எழுதினேன். முதலாவது, நம் மண்ணிலேயே உருவாகும் ராயல் என்ஃபீல்டின் கான்டினென்டல் ஜி.டி. 650. 2018ல் வந்தது, 648 சி.சி., இரட்டை சிலிண்டர், 47 குதிரைத் திறன். எடை 210 கிலோவைத் தாண்டும். இதே வண்டியைக் கொண்டு 2021 முதல் ஒரு தனிக் கோப்பைப் பந்தயமும் நடந்தது. இரண்டாவது, கே.டி.எம். 390 டியூக். 2023ல் வந்த வடிவம் 399 சி.சி., 46 குதிரைத் திறன், 168 கிலோ. மூன்றாவது, ஏப்ரிலியா ஆர்.எஸ். 457. அதுவும் 2023ல் வந்தது; பாராமதியில் தயாராவது; 47.6 குதிரைத் திறன், 175 கிலோ; அறிமுக விலை 4 லட்சத்து 10 ஆயிரம். நான்காவது, ஓசூரில் இருந்து வரும் டி.வி.எஸ். அப்பாச்சி 310. இது இரு வடிவங்களில் வரும். பிளாஸ்டிக் உறை முழுக்கப் போர்த்திய ஆர்.ஆர். 310 என்பது 2017ல் வந்து, 2024ல் 38 குதிரைத் திறனும் 174 கிலோவுமாக வளர்ந்தது. உறையில்லாத ஆர்.டி.ஆர். 310 என்பது 2023ல் வந்தது, 35.6 குதிரைத் திறன், 169 கிலோ. இரண்டுக்கும் எஞ்சின் ஒன்றே: 312 சி.சி., ஒற்றை சிலிண்டர்.

திறனை எடையால் வகுத்துப் பார்த்தேன். டியூக்குக்கும் ஏப்ரிலியாவுக்கும் கிலோவுக்கு ஏறக்குறைய 0.27 குதிரைத் திறன். ஆர்.ஆர். 310க்கு 0.22. ஆர்.டி.ஆர். 310க்கு 0.21. 650 சி.சி. ஜி.டி.க்கும் 0.22தான்! சி.சி. இரண்டு மடங்கு, ஆனால் எடையும் கூடிவிட்டதால் பாய்ச்சலில் 310ஐ விட அது வெகுதூரம் முந்திவிடாது. தேநீர்க் கடையில் 'எத்தனை சி.சி.?' என்று கேட்கும் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

அடுத்து, நிறுத்தும் கணக்கு. மணிக்கு 120 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 33.3 மீட்டர். 75 கிலோ மனிதர் 174 கிலோ வண்டியில் அந்த வேகத்தில் போனால் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 138 கிலோ ஜூல். அதே மனிதர் 210 கிலோ வண்டியில் போனால் 158 கிலோ ஜூல். இந்த ஆற்றல் முழுவதையும் இரண்டு பிரேக் தட்டுகள் வெப்பமாக மாற்றியாக வேண்டும். சாலையில் இது எப்போதாவது ஒருமுறை. களத்தில் ஒவ்வொரு சுற்றிலும் பலமுறை. பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. 'டாட் 4' எண்ணெய் புதிதாக இருக்கையில் 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பின் அந்த அளவு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. எண்ணெய் கொதித்தால் ஆவிக் குமிழி. குமிழி வந்தால் பிரேக் பிடி அமுங்கும், வண்டி நிற்காது. களத்துக்குப் போகுமுன் புதிய எண்ணெய் மாற்ற வேண்டும் என்பதன் காரணம் இதுதான். ஆக, எடை குறைந்த வண்டி பிரேக்குக்கும் டயருக்கும் நண்பன், பணப்பைக்கும் நண்பன்.

மூன்றாவது கணக்குதான் எனக்கு வியப்பைத் தந்தது. 30 மீட்டர் ஆரமுள்ள வளைவு ஒன்று. அதில் எவ்வளவு வேகம் வரை சறுக்காமல் திரும்பலாம்? உராய்வுக் குணகத்தை ஈர்ப்பு முடுக்கத்தாலும் ஆரத்தாலும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் விடை. காய்ந்த நல்ல தார்ப் பரப்பில் குணகம் 1 என்று கொண்டால் மணிக்கு 62 கிலோமீட்டர். மணல் சிந்திய சாலையில் அது 0.4க்கு இறங்கினால் மணிக்கு 39 கிலோமீட்டர். இந்தச் சூத்திரத்தில் வண்டியின் எடை இரு பக்கமும் அடிபட்டுப் போய்விடுகிறது. குதிரைத் திறன் இதில் இல்லை. விலையும் இல்லை! நான்கு லட்சத்து வண்டிக்கும் ஒரு லட்சத்து வண்டிக்கும் மணல் ஒன்றுதான். 'ஸ்பீடு குறைக்கலேன்னா யாரா இருந்தாலும் கீழதான்' என்று அம்மா சொல்வதைத்தான் நியூட்டனும் சொல்லியிருக்கிறார்.

பட்டறைப் பாடம்

கணக்கெல்லாம் எழுதிய நோட்டுப் புத்தகத்தோடு அண்ணனும் நானும் எங்கள் ஊர் மெக்கானிக் பாயிடம் போனோம். அறுபதைத் தாண்டியவர். இளமையில் சோழவரத்தில் பந்தயம் பார்த்தவர். 1983ல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் கொண்டுவந்த ராஜ்தூத் 350 ஒன்றை, யமஹாவின் ஆர்.டி. 350ன் இந்திய வடிவத்தை, இன்றும் பட்டறையின் ஒரு மூலையில் துணி போர்த்தி வைத்திருக்கிறார். 347 சி.சி., டூ ஸ்ட்ரோக், இரட்டை சிலிண்டர். பாய்ச்சலுக்குப் பேர் போன வண்டி. ஆனால் இங்கே வந்ததற்கு முன்னும் பின்னும் டிரம் பிரேக். 'அது ஓடறதுக்கு நான் பயந்ததில்லம்மா, நிக்கறதுக்குத்தான் பயந்தேன்' என்று சிரித்தார்.

என் நோட்டைப் புரட்டிப் பார்த்தவர் கணக்கைக் குறை சொல்லவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்: 'எல்லாம் சரிம்மா. வாங்குற வெலை போட்டிருக்கே. விழுந்தா எவ்ளோ ஆவும்னு போட்டியா?'

அண்ணன் முகத்தைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார்.

'ரேஸ் ரோட்டுக்கு எடுத்துட்டுப் போறவன் இன்னிக்கு இல்லேன்னா நாளைக்கு விழுவான் தம்பி. வளைவுல எல்லையத் தேடித்தானே அங்க போறது? விழுந்து எழுந்து தூசி தட்டிட்டு, அதே வண்டியத் தள்ளிக்கிட்டு வந்து, திங்கக்கெழம வேலைக்குப் போக முடிஞ்சா அது உன் வண்டி. இல்லேன்னா அது கடைக்காரன் வண்டி' என்றார் பாய்.

தேநீர்க் கடையில் எழாத கேள்வி என்று தொடக்கத்தில் சொன்னேனே, அது இதுதான். அன்றே நோட்டில் ஒரு புதிய பத்தியை இழுத்து, அதற்கு 'விழும் விலை' என்று தலைப்பிட்டேன்.

விழும் விலை

முதலில் காப்பீட்டுப் பத்திரத்தைப் படித்தோம். யாரும் படிக்காத பொடி எழுத்துப் பகுதியில், வண்டியை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்ற பட்டியல் இருக்கிறது. ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றில் நேரும் சேதத்துக்கு ஈடு கிடையாது என்று அதில் தெளிவாக அச்சிட்டிருக்கிறார்கள். பொருள் விளங்குகிறதல்லவா? சாலையில் விழுந்தால் காப்பீட்டைக் கேட்டுப் பார்க்கலாம். களத்தில் விழுந்தால் அந்தக் கதவு திறக்கும் என்று நம்பியிருக்க இயலாது. அங்கே விழும் விலை முழுவதும் நம் பையிலிருந்தே என்று வைத்துக்கொள்வதுதான் விவேகம்.

அடுத்து, விழுந்தால் உடைவது எது? உறையில்லாத வண்டி மெதுவான வளைவில் சறுக்கினால் பெரும்பாலும் கிளட்ச் லீவர், கைப்பிடி முனை, கால்மிதி, ஒரு பக்கக் கண்ணாடி. இவை பட்டறையிலேயே அரை நாளில் மாற்றக்கூடியவை. முழு உறை போர்த்திய வண்டி அதே இடத்தில் அதே வேகத்தில் சறுக்கினால் அந்த உறையும் சேர்ந்து உடையும். அதைத் தாங்கும் இரும்புச் சட்டம் வளையலாம். முகப்பு விளக்கும் போகலாம். உறை என்பது வெறும் அழகன்று. அதிக வேகத்தில் காற்றைக் கிழிக்க உதவுகிறது, உண்மை. ஆனால் அந்த உதவிக்கு ஒவ்வொரு வீழ்ச்சியிலும் வாடகை கேட்கிறது.

மூன்றாவது, கடன். 'மீதிக்கு லோன் போட்டுக்கலாம் சார், மாசம் ஆறாயிரம்தான்' என்று விற்பனைக் கூடங்களில் இனிக்கப் பேசுகிறார்கள். கடனில் வாங்கிய வண்டி களத்தில் உடைந்து பட்டறையில் கிடந்தாலும் மாதத் தவணை நிற்காது. ஓடாத வண்டிக்குத் தவணை கட்டுவது, விளையாத நிலத்துக்கு வரி கட்டுவது போன்றது.

நான்காவது கணக்கை எழுதும்போது என் கை தயங்கியது. வண்டிதான் உடையும் என்று யார் சொன்னது? கைமணிக்கட்டு ஒடிந்தால் ஃபிட்டர் வேலை செய்பவர் குறைந்தது ஆறு வாரம் வீட்டில் இருக்க வேண்டும். அந்த ஆறு வாரச் சம்பளமும் விழும் விலைதான். அதில் அப்பாவின் மருந்து இருக்கிறது. என் தேர்வுக் கட்டணம் இருக்கிறது. இதை அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நோட்டை அப்படியே அவர் பக்கம் திருப்பி வைத்தேன். படித்துவிட்டு, 'ஏன் பாப்பா, இதுக்கும் ஒரு வழி இருக்கில்ல?' என்றார்.

இருக்கிறது. அதற்குப் பெயர் உடற்கவசம். களத்தில் அது இல்லாமல் விடமாட்டார்கள்: முகம் முழுவதும் மூடும் தலைக்கவசம், தோலாடை, மணிக்கட்டை மூடும் கையுறை, கணுக்காலைக் காக்கும் காலணி. நாங்கள் விசாரித்தவரையில் நம் நாட்டில் தைக்கும் தோலாடையே முப்பதாயிரம் ரூபாயை ஒட்டி இருக்கிறது. முதன்முறை போகிறவர்களுக்கு அதை வாடகைக்குத் தரும் பயிற்சிப் பள்ளிகளும் உண்டு. தலைக்கவசத்துக்கும் கையுறைக்கும் காலணிக்கும் வாடகை பேசக்கூடாது. அவை அன்றாடச் சாலைக்கும் வேண்டியவை. வண்டியின் விலையைப் பேசுகிறவர்கள் இவற்றைச் சேர்த்துப் பேசுவதே இல்லை. மணமகனுக்குப் பட்டு வேட்டி எடுத்துவிட்டுப் பந்தல் செலவை மறந்த கதைதான்.

350 என்னும் கோடு

வண்டி விலையிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையுள்ள மோட்டார் சைக்கிள்களுக்கு ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 சதவீதமாக உயர்ந்தது. அதற்கு முன்பே இன்னொரு செலவும் அதே கோட்டில்தான் பிரிந்திருந்தது. 2018 செப்டம்பர் முதல் புதிய இருசக்கர வண்டிக்கு ஐந்து ஆண்டு மூன்றாம் நபர் காப்பீட்டைச் சேர்த்தே கட்ட வேண்டும். 2022ல் அறிவித்த கட்டணப்படி 150 சி.சி.க்கு மேல் 350 வரை 7,365 ரூபாய். 350க்கு மேல் 15,117 ரூபாய். ஏறத்தாழ இரட்டிப்பு! பதிவின்போது கட்டும் ஆயுள் வரியும் விலைக்கேற்பக் கூடுகிறது. இருசக்கர வண்டிக்கு 40 சதவீத வரி நியாயமா என்பதைப் பொருளியல் துறை நண்பர்கள் விவாதிக்கட்டும். எங்கள் நோட்டில் அந்தக் கோடு 650, 457, 399 ஆகிய மூன்று எண்களையும் ஒரே வீச்சில் எட்டாத தூரத்துக்குத் தள்ளியது. கடன் வாங்கினால் எட்டும். கடனை முன்பே அடித்துவிட்டோம்.

எஞ்சியது 310. அதிலும் இரண்டு. உறை போர்த்தியதா, இல்லாததா?

எளிதான கேள்வி போலத் தோன்றுகிறதல்லவா? அண்ணனுக்கு எளிதாக இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் அவர் பார்த்த வண்டிகள் எல்லாம் உறை போர்த்தியவை. இரண்டு ஆண்டுகளாக அவருடைய கைபேசியின் முகப்புப் படமாக இருந்ததும் அத்தகைய வண்டிதான். ஆர்.ஆர். 310ஐ எல்லாச் செலவும் சேர்த்து அவர் சேமிப்புக்குள்ளேயே வாங்கிவிடலாம். ஆனால் வாங்கிய பின் கையில் பத்தாயிரம்கூட மிஞ்சாது. ஆர்.டி.ஆர். 310 என்றால் எங்களுக்குச் சொன்ன விலை, வரி, பதிவு, காப்பீடு எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்து எழுபத்திரண்டாயிரம். மீதம் நாற்பத்தெட்டாயிரம்.

அன்றாடப் பயன்பாட்டையும் எண்ணினேன். வேலைக்குப் போக வர நாளொன்றுக்கு நாற்பது கிலோமீட்டர். ஆர்.ஆர். வடிவத்தின் தாழ்ந்த கைப்பிடி களத்தில் நல்லது. நெரிசலில் உடலின் பாரம் மணிக்கட்டில் இறங்கும். ஆர்.டி.ஆர். வடிவத்தின் அகன்ற கைப்பிடியில் நிமிர்ந்து உட்காரலாம். லாரிகளுக்கு இடையே குறைந்த வலுவில் திருப்பலாம். எஞ்சின் ஒன்றே. டயர் அளவும் ஒன்றே: முன்னே 110, பின்னே 150, இரண்டும் 17 அங்குலச் சக்கரம். அந்த அளவில் பிடிப்பு மிகுந்த டயர்கள் பலவும் கிடைக்கின்றன. களத்தின் நேர்ச்சாலையில் உறையில்லாத வண்டி சில விநாடி பின்தங்கும். ஆனால் அண்ணன் கோப்பை வாங்கப் போகவில்லையே! தன்னைத் தானே முந்தத்தான் போகிறார்.

இவற்றையெல்லாம் ஒரு தாளில் இரண்டு பத்திகளாக எழுதி அவரிடம் கொடுத்தேன். 'இதை வாங்கு' என்று கடைசி வரி எழுதவில்லை. ஐந்தாண்டு உழைப்பு அவருடையது; கடைசி வரியும் அவருடையதாகவே இருக்க வேண்டும் அல்லவா? தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான்கு நாட்கள் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. ஐந்தாம் நாள் இரவுப் பணி முடிந்து வரும்போது கையில் ஒரு பெரிய அட்டைப் பெட்டி. திறந்தால் உள்ளே ஐ.எஸ்.ஐ. முத்திரையிட்ட முழுமுகத் தலைக்கவசம்! வண்டி வருமுன் தலைக்கவசம் வந்துவிட்டது. 'பெயிண்ட் இல்லாத வண்டியா இருந்தாலும் பரவால்ல பாப்பா. கைல காசு மிச்சம் இருக்கணும்' என்றார். கைபேசியில் முகப்புப் படம் மாறியிருந்தது. அதை அவர் சொல்லவில்லை, நானாகப் பார்த்தேன்.

மீதமிருந்த நாற்பத்தெட்டாயிரத்தில் தலைக்கவசம், கையுறை, காலணி, திணிப்பு வைத்த மேற்சட்டை ஆகியவற்றுக்கு இருபத்தையாயிரம். பாக்கி இருபத்து மூவாயிரம் தபால் நிலையச் சேமிப்புக் கணக்கில் இருக்கிறது. அதற்கு 'விழுந்தால் எடு' என்று அண்ணன் பெயர் வைத்திருக்கிறார். பயிற்சி வகுப்புக் கட்டணத்தை இனிமேல்தான் சேர்க்க வேண்டும். அதுவரை நாள்தோறும் ஒரகடம் சாலையில் ஓட்டி வண்டியைப் பழகிக்கொண்டிருக்கிறார். பழகாத வண்டியோடு களத்துக்கு வராதே என்பது பாயின் கட்டளை.

நண்பர்களே! உங்களில் பலர் படிப்பு முடிந்து வேலைக்குப் போனதும் முதல் சம்பளத்தோடு வண்டிக் கடைக்குத்தான் போவீர்கள். போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. வேகத்தில் இளமைக்கு ஓர் இன்பம் உண்டு என்பதை அண்ணன் கண்களில் பார்த்தவள் நான். என் வேண்டுகோள் ஒன்றுதான். கடைக்காரர் வாங்கும் விலையைச் சொல்வார். அதைச் சொல்ல அவருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். விழும் விலையைச் சொல்ல அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். அதை வீட்டிலேயே கணக்கிட்டு எடுத்துச் செல்லுங்கள். உடையும் பாகம் எவ்வளவு, காப்பீடு எதற்குக் கைவிரிக்கும், தவணை எத்தனை மாதம், நீங்கள் ஆறு வாரம் படுத்துவிட்டால் வீட்டில் அடுப்பை எரிப்பவர் யார் என்று வரிசையாக எழுதுங்கள். அந்தப் பட்டியலைப் பார்த்த பிறகும் எந்த வண்டியின்மேல் கை வைக்கத் துணிவு வருகிறதோ அதுவே உங்கள் வண்டி. சாலைக்கும் அதுதான், களத்துக்கும் அதுதான்.